ஊர் நேரம் காட்டிய கடிகாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு அலுப்பைத் தவிர வேறு நோயில்லை.

ஒரு சின்னக் கூத்து நடந்தது. இந்த வெளிநாட்டு அகராதி அலுவலகத்தில் எனக்குத் தந்திருக்கும் லினக்ஸ் கணினியில், திரையின் மூலையில் நம் ஊர் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டேன். அது லினக்ஸின் பழைய பதிப்புக்கானது என்று பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால், "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றிருப்பார். மறுநாள் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் திரை கறுத்தது. மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது.

கணினி பழுதுபார்ப்பவர் வந்து, "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்மா" என்றார். நான் திருத்திய அகராதிப் பக்கங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. வேறு நகல் இல்லை.

"பல் வலிச்சா தாடையையே கழட்டுவீங்களா தம்பி? கடைசியா நான் போட்டதை மட்டும் எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே, வெறும் எழுத்துகள் மட்டும் வரும் கறுப்புத் திரைக்குள் போய்க் கடிகாரத்தை நீக்கினார். பக்கங்கள் பத்திரமாகத் திரும்பின. "இனிமே எதையும் ஒட்டாதீங்கம்மா" என்றார். தலையாட்டினேன்.

மூக்குக்கண்ணாடிக்கு நல்ல கயிறு ஒன்று அனுப்பு. இங்கே விற்பவை மட்டம். அப்புறம், காலையில் எழுந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. இங்கே அப்போது வேலை நேரம், எடுக்க மாட்டேன். நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்தால் போதும்.

பேருந்து வந்துவிட்டது.

உன் தங்கை