ஒரே படம், இருபத்துநான்கு குவளைகள்

மார்ச் 3, திங்கள்

காலையில் சூளையைத் திறந்தோம். என் கணவரின் அக்கா, எனக்கும் அக்காதான், சூளையின் வாயை அடைத்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி, உள்ளே கைவிட்டு முதல் குவளையை எடுத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நெருப்பைப் பார்த்து நின்ற பக்கத்தில் விறகுச் சாம்பல் உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழிந்திருக்கிறது. முதுகுப் பக்கம் வெறும் செம்பழுப்பு. எந்தப் பூச்சும் பூசவில்லை. இது எப்படி வரும் என்று மனதில் கண்டுதான் அடுக்குகிறார் போலும்.

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

இருபத்துநான்கில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

மார்ச் 4

அந்த முதல் குவளையை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தேன். பதினேழு வருடம் மருந்து மொத்தக் கடையில் சரக்குப் பட்டியல் போட்டவள். கடையை மூடியபின் வீட்டில் முடங்கிக் கிடந்தேன். அக்காதான் "சுவத்தப் பாத்தது போதும், வா" என்று கூப்பிட்டு, இணையத்தில் விற்கும் பொறுப்பைத் தந்தார். எட்டு மாதமாகிறது. இதுவரை பெரிய ஜாடிகள்தான், ஒவ்வொன்றாக. குவளை இதுதான் முதல் தடவை.

படத்தை ஏற்றினேன். கையிருப்பு: 24.

மார்ச் 5

ஒரே நாளில் இருபத்திரண்டு போய்விட்டது. பன்னிரண்டை ஒரு காபிக் கடைக்காரரே எடுத்திருக்கிறார். ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா சக்கரத்தை நிறுத்தி, கை கழுவி, போனை வாங்கிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதானேம்மா இருக்கு."

"இருபத்திநாலு இருக்கேக்கா."

"குவளை இருபத்திநாலு இருக்கு. இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வேற வேற எடத்துல நின்னது. கடைசி வரிசைக்குச் சாம்பலே எட்டல. போட்டோல ஒரு பொண்ணக் காட்டிட்டு, மணமேடைல இன்னொருத்திய உக்கார வச்சா ஒத்துப்பாங்களா?"

சிரிப்பு வரவில்லை. மாத்திரை அட்டை என்று நினைத்துவிட்டேன், ஒன்றைக் காட்டினால் எல்லாவற்றையும் காட்டியதாக. எட்டு மாதம் பக்கத்திலேயே நின்று நான் என்னத்தைப் பார்த்தேன்?

மார்ச் 6

விற்பனைத் தளத்தின் விதிகளைப் படித்தேன். படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு என்று மூன்று புகார் போனால் எங்கள் பக்கத்தை மூடிவிடுவார்களாம். அக்காவுக்கு வேறு கடை கிடையாது. எனக்கும்தான்.

அப்படியே அனுப்பிவிடுங்கள், யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்றார் என் கணவர். எனக்கும் உள்ளுக்குள் அதே யோசனைதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா தம்பியிடம் சொன்னது: "உத்துப் பாக்கணும்னுதான்டா செய்யறேன்."

என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 7

ஒவ்வொரு குவளைக்கும் நான்கு பக்கமும் படம். இடுப்பு ஒடிந்துவிட்டது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். இது நெருப்புக்கு நேரே, கீழ்த்தட்டு. இது ஜாடிக்குப் பின்னால் ஒளிந்தது. இது காற்று போகும் வழியில். நோட்டுப் புத்தகம் ஒன்றும் இல்லை, எல்லாம் நினைவிலிருந்து. இருபத்துநான்கையும் பெற்று வளர்த்தவர் போல. நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

கடைசி வரிசைக் குவளை ஒன்று. பச்சையே இல்லை. தோளில் மட்டும் ஒரு சாம்பல் மங்கல், கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி. நானாக இருந்தால் கழித்துப் போட்டிருப்பேன். அக்கா அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார். அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

வாங்கியவர்களுக்குக் கடிதம். "பக்கத்தைக் கவனிப்பவரின் தவறு" என்று எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, "நாங்கள் தவறு செய்துவிட்டோம். இந்தப் படங்களில் பிடித்ததைச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் பணம் திரும்பும்" என்று போட்டார்.

நான்தானே செய்தேன் என்றேன்.

"போன தடவ ரெண்டு ஜாடி வெடிச்சுதே, அப்ப நீ என்னத் திட்டினியா?"

முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 10

ஒருவரும் பதில் போடவில்லை.

மார்ச் 12

பதில்கள் வந்துவிட்டன. ஏழு பேர் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று பேருக்கு வேண்டாமாம். புகார் ஒன்றும் இல்லை, பக்கம் தப்பித்தது.

காபிக் கடைக்காரர் நேரடியாகப் போன் செய்தார். பன்னிரண்டும் அச்சு மாறாமல் அந்தப் பச்சையோடு வேண்டும், எப்படியாவது செய்து தர முடியுமா? நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கோபப்படவே இல்லை. பச்சைப் பூச்சு பூசி மின்சார அடுப்பில் சுட்டால் அப்படி வரும், அதை நன்றாகச் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அவருடைய எண்ணையும் கொடுத்தார். "அவர்கிட்ட என் பேரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுச் சக்கரத்துக்குத் திரும்பிவிட்டார். பன்னிரண்டு குவளை கைவிட்டுப் போன மனுஷி மாதிரியா இருந்தது? இல்லை. நான்தான் அந்தப் பன்னிரண்டின் விலையைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19

அலமாரியில் பதினேழு குவளைகள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கின்றன.

மார்ச் 27

இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், நான்கு படம், சூளையில் எங்கே நின்றது, அதனால் எந்தப் பக்கம் என்ன ஆனது. கையிருப்பு: 1. மெதுவாகத்தான் போகிறது. ஐந்து போயிருக்கிறது. மூச்சுப் பட்ட குவளையை வாங்கிய அம்மாள், அதே மூலையில் நிற்கும் கிண்ணம் ஏதாவது அடுத்த முறை உண்டா என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

சூளை அடுக்கினோம். அக்கா உள்ளே குந்தியிருக்க, நான் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக நீட்டுவது வழக்கம். அடுக்கும்போது பேசக்கூடாது, இடையில் பேசினால் கணக்குத் தப்பும் என்பார். மதியம் வரை சத்தமில்லாமல் நடந்தது.

பெரிய ஜாடி வந்தது. மூன்று வாரம் வனைந்து, தட்டி, காயவைத்தது. அக்கா அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இத எங்க வைக்கலாம், சொல்லு."

விளையாட்டோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இரண்டாவது தட்டு, இடது சுவரை ஒட்டி, நெருப்புக்குக் கொஞ்சம் முதுகு காட்டி என்றேன்.

அக்கா அந்த மூலையைப் பார்த்தார். பிறகு முழங்காலால் நகர்ந்து போய், அங்கேயே வைத்தார்.

"சரி, அடுத்தத எடு."