கைப்பிடியின் அடிப்பக்கம்

சிங்கப்பெருமாள் கோயில் பட்டறையில் சூளையின் கதவைத் திறந்தார்கள். யாருடைய ஜன்னல் சட்டங்களோ வெந்து வெளியே வந்தன. இரும்புக்குப் பூச்சாக அடிக்கும் பவுடர் வெந்த அந்த வாடை முகத்தில் அடித்ததும் நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாய், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. என் கழுத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

உங்கள் கோவளத்து மருந்தகச் சாய்தளத்துக்கான கைப்பிடிகள் அன்று அங்கே இருந்தன. நாம் சேர்ந்து வரைந்த கடைசி வேலை. உன் அம்மா படியேற முடியாமல் தெருவில் நின்றபடியே மாத்திரை வாங்குவதைப் பார்த்துவிட்டு, நீயே போய்க் கேட்டு வாங்கிவந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. இரும்பைத் தொட்டிகளில் கழுவி, காயவைத்து, கொக்கிகளில் மாட்டியிருந்தார்கள். பவுடர் அடிப்பது மட்டும்தான் பாக்கி. பட்டறைக்காரர் என் தலையசைப்புக்குக் காத்திருந்தார்.

நான் வழக்கம்போல் தாமதம். கழுவுவதற்கு முன்பே போயிருக்க வேண்டும், நீ போவாய். ஊரப்பாக்கத்திலிருந்து நான் கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் லாரிகளைத் திட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நீ பாதிக் கம்பிகளைத் தடவிப் பார்த்து முடித்திருப்பாய். எனக்கு எரிச்சலாக வரும். இரும்பைப் பார்க்க வந்தாயா, மாப்பிள்ளை பார்க்க வந்தாயா என்று கேட்பேன். “வாயால வேல பாக்காதடி. இந்த ஓரத்துல கைய வெய்யி. கைய அறுக்கற எடத்துல பவுடர் நிக்காது” என்பாய். வெட்டிய இரும்பின் கூரான ஓரத்தில் பூச்சு மெலிந்துவிடும், கடற்காற்று முதலில் அங்கேதான் பல் வைக்கும். இது எனக்கும் தெரியும், நானும் அதே படிப்புதான். ஆனால் நான் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன், நீ தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டாய்.

பட்டறைக்கான வேலைக் குறிப்பை எழுதும்போதும் இதே சண்டைதான். நான் கலர் அட்டையைத்தான் முதலில் விரிப்பேன். “இன்னாடி, பொடவ எடுக்க வந்துகீறியா? கலர கடேசில எழுது” என்று பிடுங்கி வைத்துவிடுவாய். இரும்பை எப்படிச் சுத்தம் செய்வது, துளைகளை எப்போது போடுவது, அடியில் என்ன பூச்சு, அதன்மேல் எது என்று எல்லாம் எழுதி முடித்தபிறகு, தாளை என் பக்கம் தள்ளுவாய். கலர் என்னுடைய வரி. உங்கள் மொட்டை மாடியில் கடலைப் பார்த்து நீ கட்டித் தொங்கவிட்ட, விதவிதமாகப் பூச்சு அடித்த மாதிரித் தகடுகள் நினைவிருக்கிறதா? வலை நூலால் துணிக்கொடியில் வரிசையாகக் கட்டியிருப்பாய். துணி காயப்போட இடமில்லை என்று உன் அம்மா கத்துவார்கள். கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னாலும் அந்தக் கொடியில் தாங்கியதைத்தான் எழுதுவாய். “கடலு கேட்லாக்லாம் படிக்காதுடி” என்பாய்.

இதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம். இரும்பில் மணல் அளவு பிசிறு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல் உன்னுடையது. உன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மட்டும் எத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாய்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டபோது, “வேல முடியட்டும்னு பாத்தேன்” என்றாய். எந்த வேலை? இந்தச் சாய்தளம். உன்னைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் அதெல்லாம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பிடிக் குழாயைத் தாங்கும் பட்டைகளைக் குனிந்து பார்த்தேன். அடிப்பக்கத்தில், விரல்கள் உரசிப் போகும் இடத்தில், ஓரம் மினுங்குவதுபோல் இருந்தது. கூர் போக ஓரங்களை உருட்டச் சொல்லி நாம் எழுதித்தான் இருந்தோம். நான் கை நீட்டுவதைப் பார்த்ததும் பட்டறைக்காரர் ஓடிவந்தார்.

“மேடம், கை வெச்சிடாதீங்க! வாஷ் ஆயிட்சி. எண்ணெப் பசை பட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து தொட்டில வுடணும். ஞாயித்துக்கெயம சத்தியமா நடக்காது.”

“ஓரத்த உருட்டினாங்களா?”

“பாக்க நல்லாத்தான் கீது. அடில யாரு பாக்கப் போறா?”

கழுவிய இரும்பை வெறுங்கையால் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியவளே நான்தான். தலையை ஆட்டியிருந்தால் மாலைக்குள் லாரி கிளம்பியிருக்கும். நான் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அறுத்தது. கழுவிய இரும்பின்மேல் ரத்தம் பொட்டு வைத்தது.

“எல்லாத்தையும் எறக்குங்க” என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்தகக் கமிட்டிப் பெரியவர் போனில் பொரிந்து தள்ளினார். “அந்தப் பொண்ணு இருந்திருந்தா இப்டி இழுத்தடிச்சிருக்குமா?” என்று அவர் கேட்டபோது, ரத்தம் வழிகிற விரலோடு நான் சிரித்துவிட்டேன். இழுத்தடிப்பதில் உன்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

திறப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஓரங்களை மழுக்கி, மறுபடி கழுவி, பூச்சுப் போட்டு மாட்டினோம். கலர் என்னவென்று கேட்பாய். அடர்ந்த நீலம், உங்கள் வீட்டுக் கதவின் நீலம். அந்த வரியை எழுதும்போது மட்டும் நான் அவசரப்படவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு உன் அம்மாவைக் கூட்டிவந்தேன். கலரை அவர்கள் பார்க்கவே இல்லை. கைப்பிடியைப் பிடித்து, விரல்களை அடியில் மடித்து, மெல்ல ஏறினார்கள். நான் பின்னால் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை எங்கேயும் தயங்காமல் கடைசிவரை போயிற்று. மேலே நின்று திரும்பி, நீ இருந்தபோது கேட்பதுபோலவே கேட்டார்கள்.

“வயவயன்னு கீதே. அவ தொட்டுப் பாத்துட்டாளா?”

பிளாஸ்திரி போட்ட விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“பாத்துட்டாம்மா” என்றேன்.