பேசாமல் இருக்கிற உரிமை

இன்று காலை தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அமெரிக்க இலக்கம். உன் மகள்தான். உன் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு என்றைக்கு வந்து இறங்குவாள் என்று சொல்ல எடுத்திருந்தாள். ஆனாலும் அவள் குரலைக் கேட்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அங்கிருந்து எப்போது அழைப்பு வந்தாலும் எனக்கு அப்படித்தான்.

அவள் நியூ ஜேர்சிக்குப் படிக்கப் போனபோது, லண்டன் எட்மண்டனில் எங்கள் கோயில் ஆட்கள் உன்னிடம் அந்த ஊர்க் குளிரையும் சாப்பாட்டையும் பற்றிக் கேட்டார்கள். நீயோ நூலகத்தில் அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாய். நாம் இருவரும் வேலை செய்த பள்ளி அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எனக்கும் அதை எடுத்துச் சொல்லுவாய். சட்டம் இயற்றுவது ஒரு கை, அதை நடத்துவது இன்னொரு கை, வழக்கைத் தீர்ப்பது மூன்றாவது கை. ஒன்று மீறினால் மற்றது பிடித்துக்கொள்ள வேண்டும். அதெல்லாம் எழுதி முடித்த பிறகும், "எங்களைக் காப்பாத்த இதில என்ன இருக்கு?" என்று சனங்கள் கேட்டதால்தான் முதல் பத்துத் திருத்தங்களும் வந்தன என்றாய். அடிமைத்தனத்தை ஒழிக்கவும், பெண்களுக்கு வாக்குக் கொடுக்கவும் அதன் பிறகும் எத்தனையோ காலம் எடுத்தது என்று கோபமாகச் சொன்னாய்.

"எழுதினபடி நடக்குமோடி?" என்று கேட்டேன்.

"எல்லா நேரமும் நடக்காது. ஆனா எழுதியிருந்தா கேக்க ஏலும்."

நீ மிகவும் விரும்பியது இரண்டைத்தான். "முதலாவது திருத்தம் வாயைத் திறக்க விடுது. அஞ்சாவது வாயை மூடி இருக்கவும் விடுது. மனுசருக்கு ரெண்டும் வேணும்." ஏன் ஐந்தாவதில் உனக்கு அத்தனை பிடிப்பு என்று நான் கேட்கவில்லை. கொழும்பில் நீ சிறையில் இருந்தாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ பேசியதில்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். போன் வந்தது. நீ அதைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தாய்.

"அம்மா, பொலிஸ் ஸ்டேஷன்ல இருக்கிறன்."

அவளோடு தங்கியிருந்த தோழியின் கார், புதன்கிழமை மாலை ஒரு முதியவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஓட்டியது உன் மகள்தான் என்று தோழி சொல்லிவிட்டாள். அந்தக் காரை அவள் இடைக்கிடை இரவல் வாங்குவது உண்மை. இப்போது இரண்டு அதிகாரிகள் பக்கத்து அறையில் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் கதைச்சா வீட்ட விட்டிடுவமெண்டு சொல்லுகினம். நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா. எக்ஸ்பிளெயின் பண்ணினா முடிஞ்சிடும்."

"கதைக்காத," என்றாய்.

எனக்கே அது சரியாகப் படவில்லை. "பேசாமல் இருந்தா பிழை செய்தவள் எண்டெல்லோடி நினைப்பாங்கள்," என்று உன் கையைப் பிடித்தேன். நீ கையை உதறினாய்.

"நான் அந்த நாட்டுச் சிட்டிசன் இல்லையே அம்மா. எனக்கு அந்த ரைட்ஸ் இருக்குமோ?"

"அஞ்சாவதில சிட்டிசன் எண்டு எழுதேல்லை. எந்த ஆளுக்கும் எண்டுதான் எழுதியிருக்கு. நீ ஒரு ஆள்தானே? லோயர் வேணும், லோயர் வராமல் கதைக்க மாட்டன் எண்டு மட்டும் சொல்லு."

"அவங்க கோவிச்சா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாய். பிறகு, எனக்கும் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னாய்.

"மகள், என்னையும் இப்பிடித்தான் இருத்திக் கேட்டவங்கள். நான் உண்மையைத்தான் சொன்னன். அவங்கள் எழுதினது வேற. சிங்களத்தில எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி அடிச்சாங்கள். நானும் போட்டன். அந்த ஒரு கையெழுத்தாலதான் நான் உள்ளுக்குக் கிடந்தனான்."

மறுபக்கத்தில் ஓர் ஆண்குரல் ஏதோ சொன்னது. தொடர்பு அறுந்தது.

அவள் பேசினாளா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பகல் முழுவதும் இருந்தோம். நீ அழவில்லை. அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு அடித்து, யார் யாரிடமோ கேட்டு, ஒரு வழக்கறிஞரைப் பிடித்தாய். சோறு ஆறிக் காய்ந்தது. நீ கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாய். நான் செபமாலையை எடுத்தேன், ஒரு செபமும் வாயில் வரவில்லை.

இருட்டத் தொடங்கும் நேரம் வழக்கறிஞர் அழைத்தார். லோயர் வேணும் என்றதைத் தவிர அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றார். அப்போதுதான் நீ நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

இரண்டொரு நாளில் ஒரு கடையின் கமராவில், தோழியின் அண்ணன் அந்தக் காரை ஓட்டிப்போவது தெரிந்தது. அவளை விட்டுவிட்டார்கள். பிறகுதான் அவள் சொன்னாள்: வியாழக்கிழமை கார் எடுத்ததைப் பதற்றத்தில் புதன் என்று நினைத்து, அதையே அவர்களிடம் சொல்ல இருந்தாளாம்.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் விடுமுறையில், அவள் லண்டன் வந்தாள். சமையலறையில் உன் பக்கத்தில் நின்று, "அம்மா, அண்டைக்குச் சொன்னதை முழுக்கச் சொல்லுவீங்களா? சொல்ல விருப்பமில்லையெண்டா வேண்டாம்," என்றாள்.

நீ அடுப்பை அணைத்தாய். "இப்ப ஒருத்தரும் என்னைக் கட்டாயப்படுத்தேல்லைத்தானே. அதால சொல்லுறன்."

நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன். "நீயும் இரடி," என்றாய். அந்தப் பின்னேரம் முழுவதும் சொன்னாய். அடுத்த வைகாசியில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ சொன்னதை இங்கே நான் எழுதவில்லை. அது உன் மகளிடமும் என்னிடமும் இருக்கிறது. அவள் கேட்டாள், நீ சொன்னாய். நீ மனதாரச் சொன்ன அந்தப் பின்னேரத்தைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். பாரமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க மனமில்லை.