முதல் பெஞ்சில் அக்கா

ஜூன் 12, திங்கள்

முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பு. உள்ளே நுழைந்தால் முதல் பெஞ்சில் என் அக்கா! அறுபத்திரண்டு வயதில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பேனாவைத் திறந்து வைத்தபடி. சேரப்போவதாக என்னிடம் மூச்சுகூட விடவில்லை. "நீ இங்கே என்ன பண்றே?" என்று கேட்டுவிட்டேன்.

"தத்துவம் படிக்க வந்திருக்கேன், மேடம்."

வகுப்பே சிரித்தது.

ஜூன் 13

பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் பழசெல்லாம் வருகிறது. பதினொரு வயதில் என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். பத்திரிகைகளுக்கு நான் 'குட்டி மேதை'. குட்டியைத் தனியே அனுப்ப முடியுமா? அப்பா அக்காவின் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தித் துணைக்கு அனுப்பினார். என் கால் தரைக்கு எட்டாது; அவள் தன் பையை அடியில் தள்ளிவிடுவாள். நான் தூங்கி விழுந்தால் அவள் குறிப்பெடுப்பாள். மழை பெய்தால் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஓடுவாள். நனைந்த முதுகின் சூடு இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

என்ன அருமையான நாட்கள் — எனக்கு. அவளுக்கு?

ஜூலை 4

மாணவர்கள் எல்லாரும் அவளை 'அக்கா' என்கிறார்கள். எனக்கு ஏன் எரிகிறது?

ஆகஸ்ட் 21

தேர்வில் அக்கா ஃபெயில். நான்தான் போட்டேன். எழுதியதெல்லாம் அந்தக் காலத்தில் என் பேராசிரியர்கள் சொன்னது, வரி பிசகாமல். "நீ என்ன நினைக்கிறியோ அதை எழுதுக்கா" என்றேன்.

முகம் சுண்டிப்போனது. "நான் என்ன நினைக்கிறேன்னு இதுவரைக்கும் யாருடி கேட்டா?"

தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24

வகுப்புக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 2

அவள் வீட்டுக்கே போனேன். கோபமெல்லாம் இல்லை. வேறொரு ஆசிரியரின் வகுப்புக்கு மாறிவிட்டாளாம்.

"உன் எதிர்ல உட்கார்ந்தா பாடம் எங்கே காதுல ஏறுது? தொண்டை கட்டியிருக்கே, இளைச்சுட்டாளேன்னு உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை நான் படிக்கணும்டி."

சரி என்று தலையாட்டினேன். வலிக்காமல் இருக்குமா?

நவம்பர் 19

சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். காலத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்தாளாம்.

"போன காலம் எங்கேயும் போகலை, இருக்குதுன்னு எழுதியிருக்கே. சுத்தப் பேத்தல்! இருந்தா எனக்கு ஏன் திரும்பக் கிடைக்கலை?"

விடுவேனா? நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொன்னாள். காது சுடச் சுடச் சண்டை. கடைசியில், "நல்லா யோசிச்சுட்டு வந்து பேசு" என்று வைத்துவிட்டாள்.

முதல் தடவையாக, சாப்பிட்டியா என்று கேட்கவே இல்லை.