நீங்கள் வேண்டாமென்ற வரி

அம்மா,

இன்று காலை மலர் அன்ரி உங்கள் ஸ்வெற்றரைக் கேட்டு வந்தார்.

அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. எடுத்தபோது பூச்சி உருண்டை வாசம். அதற்கு அடியில், மிக மெல்லியதாக, நீங்கள் நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசம். வெளியே கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்துவிடுகிறது. திருகோணமலையில் ஸ்வெற்றர் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. கனடாவுக்குப் போய் வருகிறவர்கள். முக்திநாத் போகிறவர்கள்.

"அடுத்த மாசம் நாங்களும் போறம் பிள்ளை. அம்மான்ர ஸ்வெற்றர் சும்மாதானே கிடக்கு. தா, உனக்கும் புண்ணியம்."

மதிலுக்கு மேலால் உங்களோடு கறி மாற்றிக்கொண்ட அதே மலர் அன்ரி.

"ஆரோட போறியள்?"

"வேற ஆரோட? எங்கட தலைவர் ஐயாவோடதான்."

கோபம் வந்தது என்று எழுத மாட்டேன். அது எங்கும் போயிருக்கவில்லை. யாத்திரைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் தலைவர் ஐயா மீது கோபம். அவர் கொடுத்த அட்டை மீது. செத்தவீட்டுக்கு வந்து வாழ்த்துவதைப் போலக் கதைத்தவர்கள் மீது. எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் மீது. இறந்தவரோடு கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். இருக்கும்போது கோபித்தேன். நீங்கள் கேட்கவில்லை.

மீன் சந்தையை நினைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை. நீங்கள் சூரையின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். கண்ணை அழுத்திப் பார்க்கிறீர்கள். திருப்பிப் போட்டு வயிற்றைப் பார்க்கிறீர்கள். மீன்காரர் பொறுமை இழக்கிறார்.

"மிஸ், மீனுக்கு வைத்தியம் பாக்கவோ வந்தனீங்கள்?"

"செத்ததுக்கு ஆரும் வைத்தியம் பாப்பினமே? எப்ப செத்ததெண்டு பாக்கிறன்."

சந்தை சிரித்தது. கந்தோரில் காலம் முழுக்கப் பிறருடைய கடதாசிகளைத் திருப்பிப் பார்த்த கை உங்களுடையது. ஒரு மீனைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டீர்கள். தலைவர் ஐயா கொடுத்த அட்டையை ஏன் அம்மா திருப்பிப் பார்க்கவில்லை?

முன்பக்கம் சாமி படம். பின்பக்கம் பொடி எழுத்து. பளபளப்பாக உறையிட்டு, கழுத்தில் தொங்கவிட மஞ்சள் நாடாவும் போட்டிருந்தார்கள். யாத்திரைக் கட்டணத்துக்குள் காப்புறுதியும் அடக்கம் என்றார் தலைவர் ஐயா. அவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எடுத்திருந்தார். நோய், வருத்தம் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு எல்லாருடைய பெயருக்கு நேரேயும் 'இல்லை' என்று போட்டிருந்தார்.

"ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டால் விடிஞ்சிடும் பிள்ளை. 'இல்லை' எண்டு போட்டால் அலுவல் சுகம்."

என்னிடமே சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மழைக் குளிருக்கே மூச்சு இழுக்கும். நீங்கள் போக இருந்ததோ மரம் முளைக்காத உயரம். நேபாள மலையில், பனித் தண்ணீர் விழும் நூற்றெட்டுத் தாரைகளின் கீழே நனைந்து, அதே ஈரத்தோடு சாமி பார்க்க வேண்டும். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா இல்லாத வீட்டில் நீங்கள் உங்களுக்கென்று ஆசைப்பட்டவை மிகக் குறைவு. அந்த மலை அதில் ஒன்று. போங்கள். ஆனால் இறங்கி வர ஒரு வழியோடு போங்கள். அவ்வளவுதான் கேட்டேன்.

ஒரு வாரம் காப்புறுதிப் பத்திரங்களை வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் எந்த நூலையும் அப்படி வாசித்ததில்லை. முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை ஆஸ்பத்திரிக்கானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. அது இன்னொரு பக்கத்தில், இன்னொரு தொகையாக இருக்கும். சிலதில் இருக்கவே இருக்காது. மலிவான பத்திரங்கள் மூவாயிரம் மீற்றருக்கு மேல் செல்லாது. அதற்கு மேலே ஏறினால் கடதாசி மட்டும் கீழே நின்றுவிடும். முன்பே இருந்த வருத்தத்தைச் சொல்லாவிட்டால் எந்தப் பத்திரமும் செல்லாது. சொன்னால் கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்பார்கள். கேட்கட்டும்.

உயரமும் தொய்வும் ஹெலிகொப்டரும் சேர்ந்த ஒன்றைக் கண்டுபிடித்தேன். அச்சடித்துக்கொண்டு குசினிக்கு வந்தேன். நீங்கள் மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இது அந்தக் கோயில் உயரத்துக்கும் செல்லும் அம்மா. உங்கட தொய்வையும் எழுதியிருக்கு. ஏலாமல் வந்தால் ஹெலி அனுப்புவினம்."

"ஹெலியோ?" சிரித்தீர்கள். "சண்டைக் காலம் முழுக்க ஹெலிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ கிடந்தனாங்கள். இப்ப காசு கட்டி அதைக் கூப்பிடுறதோ?"

நானும் சிரித்தேன். சீனன்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒன்று கிளம்பினால் உங்கள் கை தானாக அடுப்பை அணைக்கப் போகும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பிறகு கையைத் துடைத்துவிட்டுப் பத்திரத்தை எடுத்தீர்கள். கந்தோர் ஆங்கிலம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். விரல் வரிவரியாக இறங்கியது. கடைசிப் பக்கத்தில் நின்றது. காப்புறுதி பெற்றவரின் பிரேதத்தைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு.

"உதென்ன வரி?"

"அது எல்லாத்திலயும் இருக்கும் அம்மா."

"சாமியிட்டப் போகேக்க என்ர பிரேதத்துக்கு ரிக்கற் போடுறியோ?"

"அம்மா—"

"அந்த வரியை வெட்டச் சொல்லு."

"வெட்ட ஏலாது. சட்டை தைக்கிறதே, கையை வெட்டு, கழுத்தை வெட்டு எண்டு சொல்ல?"

"அப்ப உது வேண்டாம். தலைவர் ஐயான்ர அட்டை காணும்."

காசு பிரச்சினையாக இருக்கவில்லை. அதைவிடக் கூடக் கொடுத்து யாத்திரைக்குச் சேலை எடுத்திருந்தீர்கள். ஒரு வரி. நம் வீடுகளில் படியிறங்கும்போது யாரும் 'போறன்' என்பதில்லை. 'போட்டு வாறன்.' யாராவது வாய் தவறிச் சொன்னால் திரும்ப உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து அனுப்புவீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நான் அந்தச் சொல்லை அச்சடித்துக் கொண்டுவந்தேன். உங்களுக்கு அது காப்புறுதி இல்லை. செய்வினை.

புறப்பட்ட அன்று வான் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசிந்தது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லாருக்கும் திருப்தி. சகுனத்தில் ஒரு குறையும் இல்லை. கழுத்தில் அட்டையோடு, யன்னல் ஓரத்தில் இருந்துகொண்டு, "போட்டு வாறன் பிள்ளை" என்றீர்கள். வான் கந்தளாய் வீதிக்குத் திரும்பியது.

நடந்ததை நான் பார்க்கவில்லை. உங்களோடு போனவர்கள் சொன்னது இவ்வளவு.

விடியக் குளித்தீர்கள். எல்லாத் தாரையிலும் நனைந்தீர்கள். ஸ்வெற்றரை நனையாமல் மடித்து மஞ்சள் பைக்குள் வைத்திருந்தீர்கள். சாமி பார்த்து வெளியே வந்ததும் மூச்சு இழுத்தது. "தீர்த்தம் பட்டால் அப்பிடித்தான்" என்றார் தலைவர் ஐயா. பிரசாதம் கொடுக்கும்வரை உங்களை ஒரு கல்லில் இருத்தி வைத்தார்கள். உதடு நீலமான பிறகுதான் அங்கிருந்த சிறு மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்கள். உடனே கீழே இறக்க வேண்டும், ஹெலியைக் கூப்பிடுங்கள் என்றார் அந்த மருத்துவர். தலைவர் ஐயா அட்டையை முதல் முறையாகத் திருப்பினார்.

அந்த உயரத்துக்கு இது செல்லாது என்றது நிறுவனம். தொய்வும் அறிவிக்கப்படவில்லை. ஹெலிக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி. யார் பொறுப்பு?

எனக்கு அழைப்பு வந்தபோது பஸ் நிலையத்தில் நின்றேன். நான் பொறுப்பு என்றேன். கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது. வாய்ச்சொல் போதாதாம். வங்கியிலிருந்து உறுதி வேண்டும். வங்கிக்கு ஓடினேன். வரிசை. ஒரு அதிகாரி. அவருக்கு மேலே இன்னொரு அதிகாரி. ஒருவழியாக எல்லாம் சரிவந்து, உறுதி போய்ச் சேர்ந்தது.

அதற்குள் காற்று எழும்பிவிட்டது.

அந்தப் பள்ளத்தாக்கில் காலையில்தான் பறக்கலாமாம். மதியம் நெருங்கினால் காற்று அடிக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எதுவும் மேலே வராது. இந்த ஊரில் கச்சானுக்கு முதல் யன்னலைச் சாத்துகிறவர் நீங்கள். வேலி கிடுகு அசைவதற்கு முன்னரே காற்றின் வாசம் தெரியும் உங்களுக்கு. அந்தக் காற்றை அறிந்த ஒருவரும் உங்கள் பக்கத்தில் நிற்கவில்லை.

ஜீப்பில் ஏற்றினார்கள். இறங்கும் வழியில் முடிந்தது.

தலைவர் ஐயா மறுபடி எடுத்தார். குரல் மிகச் சாந்தமாக இருந்தது.

"பிள்ளை, என்ன செய்யிறது? கொண்டு வாறதெண்டால் கனக்க அலுவல். இஞ்ச பக்கத்தில ஆறு இருக்கு. புண்ணிய நதி."

"கொண்டு வாங்கோ."

"ஏலாது பிள்ளை."

"நான் முகம் பாக்கவேணும்."

"அவா சாமியிட்டப் போயிட்டா. முகம் என்னத்துக்கு?"

கொள்ளி வைத்ததும் அவர்தான்.

வந்தது மஞ்சள் பை. அதற்குள் துணி சுற்றிய சின்னச் சட்டி. பக்கத்தில் உங்கள் ஸ்வெற்றர், நீங்கள் மடித்த மடிப்புக் குலையாமல். அது திரும்பி வருவதற்கு எந்தக் காப்புறுதியும் தேவைப்படவில்லை.

பிறகு ஆட்கள் வந்தார்கள். சாம்பல்தீவிலிருந்து உங்கள் ஒன்றுவிட்ட அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொடுத்து வச்சவா. எத்தினை பேருக்குக் கிடைக்கும், முக்திநாத்திலயே முக்தி." கதிரைகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தன் மனைவியைப் பார்த்து, "நாங்களும் போகவேணும்" என்றார். தேநீர்த் தட்டு என் கையில் இருந்தது. அதை நிலத்தில் போடாமல் குசினி வரைக்கும் கொண்டுபோய் வைத்தது எப்படியென்று இன்னும் தெரியவில்லை.

மூச்சு முட்டிச் செத்தவருக்கு அவர்கள் வைத்த பெயர் முக்தி. அந்தப் பெயருக்குப் பின்னால் எல்லாரும் நின்றுகொண்டார்கள். தலைவர் ஐயா, அட்டை, 'இல்லை' என்று போட்ட பேனை, பிரசாதம் முடியும்வரை காத்திருந்த கல். முக்தி கிடைத்தவருக்காக யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியாவுக்குப் போனோம். கிணறுகளில் வெந்நீர். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றியபோது தோல் எரிந்தது. இது உங்களுக்குத்தான் தேவைப்பட்டது என்று நினைத்தேன். இவ்வளவு சூடான தண்ணீர் ஊருக்குள் இருக்க, குளிர்த் தண்ணீரைத் தேடி அவ்வளவு தூரம் போனீர்கள்.

ஒரு வரிக்காக அம்மா. அந்த வரியோடு கூடவே ஹெலி இருந்தது. உயரம் இருந்தது. உங்கள் தொய்வு இருந்தது. ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தாலும், கடைசியில் அந்த வரியாவது உங்கள் முகத்தை எனக்குக் கொண்டுவந்திருக்கும்.

இன்று காலை ஸ்வெற்றரை நான் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்சூரன்ஸ்?"

"அதெல்லாம் தலைவர் ஐயா பாத்துக்கொள்ளுவார்."

"உங்கட பிறசர் வருத்தத்தை எழுதினவரோ?"

"எல்லாருக்கும் 'இல்லை' எண்டு போட்டவராம். அலுவல் சுகமாம்."

"இருங்கோ அன்ரி."

கதிரையில் இருத்தினேன். மடிக்கணினியைத் திறந்து, உங்களுக்கென்று நான் கண்டுபிடித்த அதே பத்திரத்தை எடுத்தேன். மேலிருந்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். உயரம். வருத்தம். ஹெலி. அன்ரி ஆர்வமில்லாமல் தலையாட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் கையை உயர்த்தினார். எப்படித் தெரிந்ததோ. மதிலுக்கு மேலால் நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள்.

"அதை மட்டும் வாசியாதை பிள்ளை. நல்ல காரியத்துக்குப் போறன்."

வாசித்தேன். சாமித் தட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உரத்து வாசித்தேன். பிரேதம் என்ற சொல்லை விழுங்காமல்.

அன்ரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "உனக்கென்ன விசரே?"

"ஓம் அன்ரி, விசர்தான். அம்மான்ர முகத்தை நான் பாக்கேல்லை. நீங்கள் பாத்தனீங்களோ?"

கைகள் மெல்ல இறங்கின. காற்றில் யன்னல் கதவு அடித்தது. இருவரும் எழும்பவில்லை.

"இல்லை பிள்ளை. பாக்கேல்லை."

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். கனடாவில் இருக்கும் மகனின் பெயரைச் சொன்னார். அவன் வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்றார். எந்தக் கோலத்தில் என்று சொல்லவில்லை.

"என்ர பிறசரைப் போடு. குளிசை போடுறனான் எண்டும் போடு."

"போடுறன்."

"உந்த வரி?"

"அது இருக்கும் அன்ரி."

"கிடக்கட்டும்." திரைப் பக்கம் குனிந்தார். "ஹெலியை ஆர் கூப்பிடுறது? தலைவர் ஐயாவோ?"

"நீங்கள். மூச்சு முட்டின உடன. காலமையிலயே. கும்பிட்டு முடியட்டும், பிரசாதம் வரட்டும் எண்டு நிக்கப்படாது. முதல்ல இந்த நம்பர்."

நம்பரைத் திரையைப் பார்க்காமல் சொன்னேன். உங்கள் பெயரில் எடுக்கப்படாத பத்திரத்தின் அவசர எண் அது. ஒருமுறையும் அழைத்ததில்லை. அழைக்க எனக்கு உரிமையும் இல்லை. பஸ்ஸில் போகும்போது, பல் துலக்கும்போது, அது தானாக வாயில் ஓடுகிறது. நீங்கள் விட்டுப்போன வேறு எதையும் நான் இவ்வளவு சரியாக மனப்பாடம் செய்யவில்லை. அதைத்தான் சுமக்கிறேன். அதையும், இந்தக் கோபத்தையும். இரண்டையும் இறக்கி வைக்கும் எண்ணம் இல்லை.

அந்த எண்ணை ஒரு துண்டில் எழுதி ஸ்வெற்றர் பொக்கற்றுக்குள் வைத்து, அதன் வாயைத் தைத்துவிடாமல் சட்டை ஊசி குத்திக் கொடுத்தேன். அன்ரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"போட்டு வாறன் பிள்ளை."

"போட்டு வாங்கோ. ஸ்வெற்றர் எனக்குத் திரும்பி வேணும்."

"தருவன், தருவன். உன்ர ஸ்வெற்றரை ஆர் தின்னப் போயினம்?"

போன முறை அது தனியே வந்தது அம்மா. இந்த முறை உள்ளே ஆளோடு வர வேண்டும்.