ஃப்ரீக் அவுட் ஆகாதே என்று எழுதியவனுக்கு

வடக்கனந்தல்

அன்புள்ள அஜித்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பொய் எழுத மனமில்லை. உன் நலத்தை நீ எங்கே சொல்கிறாய்? போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதி ஊறுகாய் பார்சலோடு அனுப்புகிறேன், இதைக் கட் பண்ண முடியாது.

நீ கனடாவில் ஐஸில் வழுக்கி விழுந்து காலில் பிளேட் வைத்து ஒரு மாதம் ஆகிறதாம். பெற்ற எனக்கு இது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், உன்னோடு தங்கியிருக்கிற தமிழழகனின் அம்மா சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "இன்னாக்கா, உன் புள்ள எழுந்து நடக்கறானா" என்று அவள் கேட்க, நான் பேந்தப் பேந்த விழித்தேன். அன்றைக்கே உன்னைக் கேட்டதற்குப் போட்டாயே ஒரு மெசேஜ், ஃப்ரீக் அவுட் ஆகாதே அம்மா என்று, அதோடு சரி. பக்கத்து வீட்டு ஷாலினி ஸ்கூலில் இங்கிலீஷ் எடுக்கிறாளே, அவளிடம் அர்த்தம் கேட்டேன். "பயத்துல இன்னா பண்றோம்னே தெரியாம ஆடறது அத்தை, ஆகாதேன்னு சேத்துதான் ஜாஸ்தி சொல்லுவாங்க" என்றாள். யார் சொல்வார்கள் என்றேன். "பயப்பட வச்சவங்கதான்" என்றாள். நல்ல பாஷை கற்றுக்கொண்டாய்.

நான் ஆடவில்லை. ஆடியது உன் அப்பா. விஷயம் கேட்டதும் நேராக மரவள்ளிக் கொல்லைக்குப் போனவர், தண்ணீர் பாய்ந்த கொல்லைக்கே மறுபடி பாய்ச்சினார், மறுநாளும் பாய்ச்சினார். மோட்டாரை நிறுத்தாமல் வரப்பில் உட்கார்ந்து போனில் உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாதிக் கொல்லைக் கிழங்கு அழுகிப்போனது, பிடுங்கினால் நாற்றம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "அவன் பூட்ஸ் போட்டுக்கினு இருந்தானா இல்லியா" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இத்தனையையும் ஒரு மெசேஜில் ஊதித் தள்ளிவிட்டாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

காலைத் தொங்கப் போடாதே, தலையணை மேல் தூக்கி வை. வேளைக்குச் சாப்பிடு. மாரியாத்தா உன்னைக் காப்பாற்றட்டும், என்னைத்தான் நீ கிட்டே விடவில்லை. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. உட்கார்ந்த இடத்திலிருந்து முகத்தை மட்டும் காட்டி ஏமாற்றாதே, போனைத் தமிழழகன் கையில் கொடுத்துவிட்டுக் கதவு வரை நடந்து காட்டு. நடக்க முடியாவிட்டால் அதையும் காட்டு. பார்த்து நான் அழுதால், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே.

கோபம் இன்னும் தீராத
உன் அம்மா
கமலா