சனிக்கிழமைப் புகை

சனி, 30 நவ. 96

காலை −9. பொட்டுப் பொட்டாகப் பனி. பிற்பகல் வீடு முழுக்கப் புகை.

ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு பிக்கரிங்கில் இந்தத் தனிவீட்டை வாடகைக்கு எடுத்ததே விறகடுப்பைப் பார்த்துத்தான். ஹோல் மூலையில் கறுப்பு இரும்பு அடுப்பு, கண்ணாடிக் கதவு. விறகு எரிக்கத் தெரியாதவனா நான் என்று வீட்டுக்காரருக்குப் பெருமையும் அடித்துவிட்டேன்.

குசினி ஃபான் இரைய, மதி வழக்கம்போல ஒரு கிழமைச் சமையலை இன்றே முடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு கட்டை போட்டதுதான் தாமதம், குப்பென்று புகை வெளியே வந்தது. அலாரம் அலறியது. "அப்பா, ஸ்மோக்! ஸ்மோக்!" என்று துளசி கத்தினாள். பிறகு இருமல், பிறகு இழுப்பு. ஏழு வயது நெஞ்சுக்குள் விசில் சத்தம். இழுப்பு மருந்து பம்ப் இரண்டு தரம் அடித்தோம். முன்கதவைத் திறந்துவிட்டு மூன்று பேரும் ஜாக்கெட்டோடு நின்றோம்.

மதி துளசியின் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிவிட்டாள். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்., 3 டிச.

வேலைக்கு லீவு. புகைபோக்கி துடைக்கிற ஆள் வந்தார். தாடி, பெரிய பூட்ஸ். ஒரு வாளி நிறையக் கறுப்புச் செதிலாக வழித்து இறக்கினார். இரவில் அடுப்பின் காற்று வழியை முழுக்கப் பூட்டுவாயா என்று கேட்டார். ஓம் என்றேன். உமிக்குள் தணல் மூடி வைப்பதுபோல மூடினால் விறகு விடியும்வரை நிற்கும் என்பது என் கெட்டித்தனம். அப்படித் திணறி எரிகிற விறகு சூடு தராது, அந்தப் புகைதான் குழாய்க்குள் தாராகப் படியும், ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும் என்றார்.

பின்வளவில் விறகையும் பார்த்தார். நான் நாலு பக்கமும் நீலத் தறப்பாள் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தேன். மனிதன் வாய்விட்டுச் சிரித்தார். தலையை மட்டும் மூடு, பக்கங்களில் காற்று ஓடட்டும் என்றார்.

மறக்காமல் இருக்க:
— இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் ஈரம்.
— வெட்டுமுகத்தில் வெடிப்பு இருந்தால் நல்ல விறகு.
— பெரிய கட்டை அடியில், சின்னது அதற்கு மேல், சுள்ளியும் பேப்பரும் உச்சியில். கொளுத்துவது மேலே!!
— வழவழத்த தாள் போடக்கூடாது. புகைக்கும்.
— வெளியே போய்ப் பார்க்க வேண்டும். புகைபோக்கியில் புகை தெரியாவிட்டால் நெருப்பு நல்லது.
— பால் 1 பை. துளசிக்குப் புது பம்ப்.

வெள்ளி, 6 டிச.

−14. ரயில் இருபது நிமிடம் தாமதம்.

வீட்டுக்கு வந்தபோது மதி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நெருப்புக்குச்சி. நேற்று நான் அரை டப்பா முடித்தேன். உச்சியில் பிடித்த நெருப்பு ஆறுதலாகக் கீழே இறங்கியது. கீழ்நோக்கி எரிகிற நெருப்பை வாழ்க்கையில் முதல் தரம் பார்க்கிறேன். கண்ணாடி சுத்தம். வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். புகையே இல்லை, காற்று மட்டும் நெளிந்தது. ஹோலில் 22 பாகை.

என்ன அருமையான சாமான் இது. தாடிக்காரர் நல்லாயிருக்க வேண்டும்.

சனி, 7 டிச.

திரும்பவும் புகை. காய்ந்த விறகு, துடைத்த குழாய், எல்லாம் சரி. ஆனால் மத்தியானம் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. துளசிக்கு மூன்று தரம் பம்ப்.

பின்னேரம் மதி குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு படிவம் ஒட்டினாள். பழைய அடுக்குமாடிக்காரரின் வாடகைப் படிவம், வர்ணப் படம் போட்ட வழவழப்பான தாள். தை மாதம் ஒரு வீடு காலியாம். 31ஆம் திகதிக்குள் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும்.

"எனக்கும் இந்த வீடு விருப்பம்தான். ஆனால் பிள்ளைக்கு மூச்சு வேணும்."

இங்கேதான் துளசிக்கென்று ஒரு அறை, ஒரு மேப்பிள் மரம். மரத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

ஞாயிறு, 15 டிச.

நேற்றும் புகை. திங்கள் முதல் வெள்ளிவரை தங்கமான அடுப்பு, சனி வந்தால் பேய் பிடிக்கிறது.

மில்லிக்கனில் இருக்கும் அக்காவுக்கு போன் பண்ணினேன்.

"சனிக்கிழமையில மட்டும் வருதெண்டால் யோசிச்சுப் பாரன். புரட்டாசிச் சனிக்கு நீ எள்ளெண்ணெய் எரிச்சனியே?"

"இல்லை அக்கா. வீடு மாறுற அவசரத்தில விட்டுப்போச்சு."

"பின்னை? சனீஸ்வரன் சும்மா இருப்பாரே! போய் எரி."

சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது. அடுத்த சனி கோயிலுக்குப் போவதென்று முடிவு. மதியிடம் சொல்லவில்லை.

சனி, 21 டிச.

−11, நல்ல வெயில். காலையில் றிச்மண்ட் ஹில் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தேன். திருவெம்பாவைக் காலம், நல்ல சனம். ஒன்பது சுற்றுச் சுற்றினேன். கால் விறைத்தது.

வீட்டில் மத்தியானம் அடுப்புக் கதவை மெல்லத் திறந்தேன். புகை இல்லை! திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். இல்லை. கோயில் விஷயத்தை மதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அகப்பையும் கையுமாக யோசித்துக்கொண்டு நின்றாள். தொழிற்சாலையில் அவள் செய்வது மின்சுற்றுத் தகடு சோதிக்கிற வேலை. எங்கே பிழை என்று தேடும்போது அங்கேயும் இப்படித்தான் நிற்பாளாக்கும்.

"இண்டைக்கு விரதச் சமையல். மீன் பொரிக்கேல்லை. அதால குசினி ஃபானும் போடேல்லை. ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்திப் பாக்கவேணும். இஞ்ச வாங்கோ."

சாமி அறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வந்தாள். அடுப்புக் கதவை விரற்கடை திறந்து அருகே பிடித்தாள். ஊதுபத்திப் புகை அடுப்புக்குள் போனது. "இப்ப ஃபானைப் போடுங்கோ" என்றாள். குசினிக்குப் போய்ப் போட்டேன். ஊதுபத்திப் புகை திரும்பி ஹோல் பக்கம் சாய்ந்தது. நிறுத்தினேன், உள்ளே போனது. போட்டேன், வெளியே வந்தது.

"சனீஸ்வரன் குசினி ஃபானுக்குள்ளையோ இருக்கிறார்?" என்று கேட்டாள்.

இரண்டும் என் வேலை. பழைய கட்டிடத்தில் மீன் மணத்துக்குக் கொம்பிளெயின்ட் வந்ததால், பொரிக்கும்போது ஃபானை உச்சத்தில் போட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். சூடு போகக்கூடாதென்று நவம்பரில் யன்னல் முழுக்கப் பிளாஸ்டிக் ஒட்டியவனும் நான். ஃபான் இழுக்கிற காற்றுக்கு வீட்டில் வேறு வழி இல்லை, புகைபோக்கியால் இறங்கி வந்திருக்கிறது. குளிருக்குப் பயந்து வீட்டின் மூக்கைப் பொத்தியிருக்கிறேன்.

மதி குசினி யன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். ஃபான் ஓட, யன்னலை இரண்டு விரல் அளவு திறந்தாள். ஊதுபத்திப் புகை நல்ல பிள்ளையாக அடுப்புக்குள் போனது.

பன்னிரண்டு வருடம் இவளோடு குடும்பம் நடத்துகிறேன். இவ்வளவு கெட்டிக்காரி என்று இன்றுதான் முழுதாகத் தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னேன். "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றாள். ஆனால் சிரித்தாள்.

படிவம் இன்னும் குளிர்ப்பெட்டியில்தான்.

சனி, 28 டிச.

−17. விரதம் முடிந்து முதல் மீன். விளைமீன், இரண்டு றாத்தல். பொரித்தது முழுவதும் மதி. ஃபான் உச்சத்தில், யன்னல் இரண்டு விரல். நான் அடுப்புக் கதவை நாலு தரம் திறந்தேன். ஒரு நூல் புகைகூட வரவில்லை.

துளசி அடுப்புக்கு முன்னால் குப்புறப் படுத்துப் படம் கீறினாள். பம்ப் வெள்ளி தொடக்கம் பள்ளிக்கூடப் பையில், கையே படவில்லை. பொரித்த மீன் மூன்று துண்டு சாப்பிட்டாள்.

படிவம் அதே இடத்தில். மதியிடம் கேட்கப் பயமாக இருந்தது. இன்னும் மூன்று நாள்.

ஞாயிறு, 29 டிச.

−19. யன்னல் விளிம்பில் பனிப்பூ. எழும்பி வந்து பார்த்தால் குளிர்ப்பெட்டிக் கதவு வெறுமை. படிவம் விறகுக் கூடைக்குள், பழைய பேப்பர்களோடு கிடந்தது. கையெழுத்துக் கோட்டில் ஒன்றும் இல்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

பெரிய கட்டை, சின்னக் கட்டை, சுள்ளி. எல்லாம் அடுக்கி, படிவத்தைச் சுருட்டி உச்சியில் வைத்து நெருப்புக்குச்சியை உரசினேன். பின்னால் வந்த மதி கையைப் பிடித்துவிட்டாள்.

"உதைப் போடாதேங்கோ. வழவழத்த தாள், பிள்ளைக்குப் புகைக்கும்."

எடுத்து மறுசுழற்சி நீலப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, நேற்றைய பேப்பரைக் கிழித்துத் தந்தாள்.